பி 172 எந்த ஊர்?

விக்டோரியா அரசியின் முகம் பொறித்த பழைய அரையணாத் தபால்தலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீல நிறம். ‘ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்’ என்று அச்சாகியிருக்கிறது. அரசியின் கன்னத்தின்மேல் கறுப்பு மையில் பட்டைக் கோடுகளால் ஆன ஓர் எண்கோணம். அதன் நடுவே ‘பி’ என்ற ஆங்கில எழுத்து, கீழே 172 என்ற எண். ஊர்ப்பெயர் இல்லை, தேதி இல்லை, ஆண்டும் இல்லை. தபால்தலை லண்டனில் டி லா ரூ நிறுவனத்தில் அச்சானது. ஒட்டியவர் யாரென்று அறிய வழியில்லை. ஆனாலும் அந்தக் கடிதம் எந்த அஞ்சலகத்தில் கொடுக்கப்பட்டது என்பதை அந்த எழுத்தும் எண்ணும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடும். கல்கத்தா இல்லை, டாக்கா இல்லை, வங்காளத்தின் எந்த ஊரும் இல்லை. சிங்கப்பூர்.

நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அன்று இந்திய ஆட்சியின்கீழ் இருந்தன. 1854 அக்டோபர் முதல் தேதி இந்தியா முழுமைக்கும் பொதுவான தபால்தலையும் கட்டணமும் வந்தபோது, அஞ்சல் கணக்கில் அவையும் வங்காள வட்டத்தில் சேர்ந்தன. வங்காள வட்டத்து அஞ்சலகங்களுக்கு ‘பி’ எழுத்தும் ஓர் எண்ணும் தரப்பட்டன. சென்னை வட்டத்துக்கு ‘சி’. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து தனிக் குடியேற்ற நாடாகி, சொந்தத் தபால்தலை வெளியிட்டன. அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளுக்குச் சிங்கப்பூரின் தபால்தலை இந்தியத் தபால்தலைதான். அந்த உறவுக்கு நம் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று, தபால்தலைமேல் விழுந்த ஒரு கறுப்புக் கறை.

கறை என்று சொன்னது தெரிந்தேதான். தபால்தலை சேர்ப்பவர்கள் பலரும் முத்திரையை அப்படித்தான் பார்க்கிறார்கள். முத்திரை படாத, பளிச்சென்ற தலைக்கு மதிப்பு. முகத்தில் மை அப்பிய தலைக்கு ஏளனம். எனக்கு இந்தப் பார்வை தலைகீழாகத் தெரிகிறது. லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வந்த காகிதத் துண்டுகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறாக்குவது அந்த மைதான். அச்சகத்தில் பிறந்தபோது எல்லாத் தலைகளும் ஒன்று. அஞ்சலகத்தின் சுத்தி இறங்கிய கணத்தில்தான் ஒவ்வொன்றுக்கும் தனி ஊரும் தனி நாளும் கிடைக்கின்றன.

முத்திரை குத்துவதன் முதல் நோக்கம் வரலாறு எழுதுவது அல்ல, ஏமாற்றைத் தடுப்பது. 1840 மே மாதம் பிரிட்டன் உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கை வெளியிட்டது. அதை ஒருமுறைக்குமேல் பயன்படுத்தாமலிருக்க மால்டா சிலுவை போன்ற வடிவத்தைச் சிவப்பு மையில் குத்தினார்கள். கறுப்புத் தலைமீது சிவப்பு மை எடுப்பாகத் தெரியவில்லை. போதாததற்கு, அந்த மையைக் கழுவி நீக்கிவிட்டுத் தலையை மறுபடி ஒட்டவும் முடிந்தது. அஞ்சல் சீர்திருத்தத்தை முன்னெடுத்த ரோலண்ட் ஹில்லும் அவரோடு இருந்தவர்களும் மைகளைச் சோதித்து, கடைசியில் முறையையே திருப்பிப் போட்டார்கள். 1841இல் தபால்தலை சிவப்பானது, முத்திரை கறுப்பானது. கழுவினால் தலையின் சாயமும் சேர்ந்து போகவேண்டும் என்பதே அதன் சூட்சுமம். தபால்தலையின் நிறத்தையே மாற்றவைத்தது முத்திரை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலுவை ஊரைச் சொல்லவில்லை. 1844இல் பட்டைக் கோடுகளுக்கு நடுவே எண் பொறித்த முத்திரைகள் பிரிட்டனில் வந்தன. பிறகு பேரரசு விரிய விரிய, எண்களும் கடல் கடந்தன. ஏ25 மால்டா, ஏ26 ஜிப்ரால்டர், பி62 ஹாங்காங், சி51 மேற்கிந்தியத் தீவுகளில் டென்மார்க் ஆண்ட செயின்ட் தாமஸ். கடைசியாகச் சொன்னதில் விந்தை இருக்கிறது: டென்மார்க் மண்ணில், பிரிட்டிஷ் அஞ்சலகத்தில், பிரிட்டிஷ் தபால்தலை. இந்தியாவில் நடந்ததும் இதே எண் முறைதான்.

இனி வங்காள வட்டத்து எண்கள் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்யாப் 5, மலாக்கா 109, மௌல்மீன் 127, பினாங்கு 147, ரங்கூன் 156, சிங்கப்பூர் 172. ஊர்ப்பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளை வரிசையாகச் சொல்லுங்கள்: ஏ, எம், எம், பி, ஆர், எஸ். அகரவரிசை! எங்கோ ஓர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் ஊர்களை அகரவரிசையில் எழுதி, பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே போன காட்சி அந்த எண்களுக்குள் இருக்கிறது. 147க்கும் 156க்கும் நடுவில் உள்ள ஓர் எண் கிடைத்தால், ‘பி’ (P) முதல் ‘ஆர்’ (R) வரையிலான எழுத்துகளில் தொடங்கும் ஊர்களை முதலில் தேடலாம். பின்னால் திறந்த அஞ்சலகங்கள் இந்த வரிசைக்குள் அடங்கவேண்டும் என்பதில்லை, ஆகவே இது துப்பு மட்டுமே. உறுதியான சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் உறை. அக்கால அஞ்சலகத்தில் இரண்டு முத்திரைகள் புழங்கின. தபால்தலையை அழிக்க எண் முத்திரை. ஊரும் தேதியும் காட்ட வட்ட முத்திரை. முதலாவது தலைமேல் விழும், இரண்டாவது உறையின் வேறொரு பகுதியில், பல நேரம் பின்பக்கத்தில் விழும். பின்னால் இரண்டையும் ஒரே கைப்பிடியில் பொருத்திய இரட்டை முத்திரை வந்தது. இந்தியாவில் அது 1870களில் பரவியது. அதற்கு முந்தைய காலத்துக்கு, எண்ணும் ஊரும் ஒன்றாகத் தெரியும் முழு உறைதான் ஆதாரம். ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் கரோஷ்டியும் பொறித்த இந்தோ-கிரேக்க நாணயங்களை வைத்து ஜேம்ஸ் பிரின்செப் அறியாத எழுத்தை வாசித்ததுபோல, சேகரிப்பாளர்கள் உறை உறையாகத் தேடி எண்ணுக்கு ஊர் கண்டார்கள். பம்பாயைச் சேர்ந்த ஜால் கூப்பர் 1940களில் தொடக்ககால இந்திய முத்திரைகளை வகைப்படுத்தி நூலாக்கினார். அவருடைய வகை எண்களை ஏலப் பட்டியல்களில் இன்றும் காணலாம்.

ஆனால் நம் கைக்கு வருவது பெரும்பாலும் முழு உறை அல்ல. யாரோ தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்த தலை. அதில் வட்ட முத்திரையின் ஒரு மூலை, அரைகுறையாக நான்கைந்து எழுத்து. இதை வைத்து என்ன செய்வது? பள்ளியில் படித்த வடிவியல் உதவிக்கு வருகிறது.

தலைமேல் தெரியும் வில்லின் இரு முனைகளை ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். அந்த நாண் 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாணின் நடுவிலிருந்து வில்லின் உச்சி வரை அளந்தால் 1.5 மில்லிமீட்டர். நாணில் பாதி 6, அதை அதனாலேயே பெருக்கினால் 36, உயரமான 1.5ஆல் வகுத்தால் 24. அதோடு அந்த 1.5ஐக் கூட்டினால் 25.5. முழு வட்டத்தின் விட்டம் அதுதான். யூக்ளிட் காலத்து வடிவியல் இது. நாலில் ஒரு பங்கு வட்டம்கூட இல்லாத துண்டிலிருந்து முழு முத்திரையை மீட்டுத் தருகிறது. ஒரே ஊரில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அளவு முத்திரைகள் புழங்கியிருப்பதால், விட்டம் தெரிந்தாலே காலம் சுருங்கத் தொடங்கும்.

எழுத்துகளும் வட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. வட்டத்தின் மேல்வில்லில் ஊர்ப்பெயரை நடுவாக அமைப்பதே வழக்கம். குறுக்கே போகும் தேதி வரி முத்திரையின் கிடைநிலையைக் காட்டிவிடும்; அதற்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் உச்சி எங்கே என்று தெரியும். இப்போது தலையில் ‘பட்டம்’ என்ற ஈறு மட்டும், அதாவது பி, ஏ, டி, ஏ, எம் (PATAM) என்ற ஐந்து ஆங்கில எழுத்து மட்டும் தெரிகிறது என்று கொள்ளுங்கள். சென்னை மாகாணத்திலும் அதை ஒட்டியும் அப்படி முடியும் ஊர்கள் பல: நாகப்பட்டினத்தை அன்று நெகபட்டம் என்றார்கள், மசூலிபட்டம், விசாகபட்டம், ஸ்ரீரங்கபட்டம் இருந்தன. எது?

நெகபட்டத்துக்கு ஆங்கில எழுத்து ஒன்பது. நடு எழுத்து ஐந்தாவது; அது சரியாக அந்த ‘பி’. ஆகவே ‘பி’ உச்சியில் நேராக நின்றால் நாகப்பட்டினம். மசூலிபட்டம், விசாகபட்டம் இரண்டுக்கும் பதினொன்று. நடு எழுத்து ஆறாவது, ‘பி’ ஏழாவது. ஆகவே ‘பி’ உச்சியிலிருந்து ஓர் எழுத்து வலப்புறம் தள்ளி நிற்கும். செரிங்கபட்டம் என்று அவர்கள் எழுதிய ஸ்ரீரங்கபட்டணத்துக்குப் பன்னிரண்டு. உச்சி ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையில் விழ, ‘பி’ ஒன்றரை எழுத்து தள்ளிப்போகும். மசூலியையும் விசாகத்தையும் இந்தக் கணக்கால் பிரிக்க முடியாது. அங்கே ‘பி’க்கு முன்னால் உள்ள எழுத்தின் ஒரு நுனியாவது வேண்டும்: ஒன்றில் மெலிந்த ‘ஐ’, மற்றதில் காலை அகட்டி நிற்கும் ‘ஏ’. ஒரு மில்லிமீட்டர் மைப்புள்ளி இரண்டு துறைமுகங்களுக்கிடையே தீர்ப்புச் சொல்கிறது. எனக்கு இந்தக் கலையில் ஆகப் பிடித்த தருணம் இதுதான்.

மை மங்கியிருந்தால்? தபால்தலையைக் கைப்பேசியில் படமெடுத்து, படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் படலங்களாகப் பிரித்துக் காட்டும் செயலி எதிலாவது திறந்து பாருங்கள். சிவப்புத் தலையைச் சிவப்புப் படலத்தில் பார்த்தால் தலையின் ஓவியம் ஏறக்குறைய மறைந்துபோய், முத்திரை தனியாக நிற்கும். காரணம் எளிது. சிவப்புச் சாயம் சிவப்பு ஒளியைக் காகிதத்தைப் போலவே திருப்பி அனுப்புகிறது, ஆகவே இரண்டும் ஒரே வெளுப்பாகத் தெரிகின்றன. கறுப்பு மை எந்த நிற ஒளியையும் விழுங்குவதால் கறுப்பாகவே இருக்கிறது. நீல அரையணாவுக்கு நீலப் படலம்.

ஆய்வகங்கள் இன்னும் ஒருபடி போய் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கின்றன. பழைய முத்திரை மை பலவற்றில் கரித்தூள் இருக்கும். கரி அகச்சிவப்பையும் உறிஞ்சும். சாயங்கள் பலவும் உறிஞ்சாமல் விட்டுவிடும். கண்ணுக்கு ஒரே கருமையாகத் தெரிந்த தலையில் முத்திரை மட்டும் எழுந்து வருவது அதனால்தான். புறஊதா விளக்குக்கு வேறொரு வேலை. இரும்புச்சத்துள்ள பழைய பேனா மையைக் கழுவி அகற்றினாலும் அது ஊறிய இடம் புறஊதாவில் இருண்டு காட்டும். பத்திரத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட விலையுயர்ந்த தலையைக் கழுவி, தபாலில் போனதுபோல் பொய் முத்திரை குத்தி விற்றவர்கள் உண்டு. அவர்களைக் காட்டிக்கொடுப்பது அந்த இருட்டு.

போலி என்றதும் ‘மேடம் ஜோசஃப்’ முத்திரைகள் நினைவுக்கு வருகின்றன. இருபதாம் நூற்றாண்டில் லண்டனில் பிரிட்டிஷ் பேரரசின் பல ஊர்ப்பெயர்களில் நானூறுக்கும் மேற்பட்ட போலி முத்திரைகளைச் செய்து வைத்திருந்த வணிகம் அது. அந்த முத்திரைக் கட்டைகள் இன்று லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியிடம் இருக்கின்றன. அவற்றின் படங்களும் நூலாக வெளிவந்துவிட்டன. நல்ல வேலைப்பாடுதான். ஆனால் போலி செய்பவர் பெரும்பாலும் ஒரு கட்டைக்கு ஒரு தேதியைத்தான் செதுக்குவார். ஒரே ஊர், ஒரே தேதி, ஒரே சாய்வில் தலைக்குத் தலை விழுந்திருந்தால் ஐயப்படுங்கள். தபால்தலை வெளியாவதற்கு முந்தைய தேதி இருந்தால் ஏறக்குறைய போலி என்றே கொள்ளலாம்.

மெய்யான முத்திரைக்குத் தேய்மானம் உண்டு. நாளெல்லாம் அடிவாங்கும் உலோகத்தில் வளையம் நசுங்கும், எழுத்தின் கால் உடையும். ஒரே ஊர் முத்திரைகளைத் தேதிவாரியாக அடுக்கினால் அந்த உடைவு வளர்ந்துகொண்டே போவது தெரியும். தேதி தெரியாத ஒன்றை அந்த வரிசையில் பொருத்தி அதன் காலத்தைக் கணிக்கலாம்.

எல்லா முத்திரைகளும் எண்ணும் வட்டமும் அல்ல. அமெரிக்காவில் 1860களில் பல ஊர் அஞ்சலகங்கள் புட்டித் தக்கையைச் செதுக்கி மையில் தோய்த்துத் தலையை அழித்தன. கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரியில் ஜான் ஹில் என்ற அஞ்சல் ஊழியர் இதில் மன்னர். 1869 நவம்பரில் நன்றிநவிலல் திருநாளை ஒட்டி அவர் செதுக்கிய ‘ஓடும் கோழி’ சில நாள்கள் மட்டுமே புழங்கியது. அமெரிக்க முத்திரைகளிலேயே பெரும்பேர் பெற்றவற்றுள் அதுவும் ஒன்று. ஓர் எளிய ஊழியர் தன் கத்தியால் செய்த அழகு.

நம் அலகாபாத்துக்கும் ஒரு பெருமை உண்டு. 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, அங்கு நடந்த கண்காட்சித் திடலிலிருந்து நைனி வரை ஏறத்தாழ ஆறாயிரம் கடிதங்களைப் பறந்து எடுத்துச் சென்றார். விமானத்தில் போன உலகின் முதல் அதிகாரபூர்வத் தபால் அது. மலைகளுக்குமேல் பறக்கும் விமானம் பொறித்த முத்திரையை மஜந்தா மையில் குத்தினார்கள். அந்த நிறமே அதன் முதல் அடையாளம்.

குழப்பத்தில் ஆழ்த்துபவை கப்பல் தபால்கள். ஒரு நாட்டின் தபால்தலைமேல் வேறொரு நாட்டுத் துறைமுகத்தின் முத்திரை. பக்கத்தில் ‘பாக்போ’ என்று உச்சரிக்கப்படும் ஒரு பிரெஞ்சுச் சொல். புதியவர்கள் இதைத் தவறு என்றோ போலி என்றோ ஒதுக்கிவிடுவார்கள். நடுக்கடலில் எழுதிய கடிதத்துக்குக் கப்பலின் கொடி எந்த நாடோ அந்த நாட்டுத் தபால்தலை செல்லும் என்று உலக அஞ்சல் ஒன்றியம் 1890களில் விதி செய்தது. கப்பல் அடுத்துத் தொடும் துறைமுகம் தன் முத்திரையைக் குத்தி, வேற்றுநாட்டுத் தலையை ஏற்றதற்குக் காரணமாக அந்தச் சொல்லையும் பதிக்கும்.

ரயிலுக்கும் முத்திரை உண்டு. ஓடும் வண்டியில் தபால் பிரித்துவந்த ரயில் அஞ்சல் சேவையின் (ஆர்.எம்.எஸ்.) பிரிவுகளுக்கு எழுத்துக் குறிகள் இருக்கின்றன: ‘டி’ திருச்சி, ‘எம்ஏ’ மதுரை, ‘சிபி’ கோவை. ஊர்ப்பெயரே இல்லாத வட்டத்தில் இந்த எழுத்துகளைக் கண்டு விழித்தவர்கள் பலர்.

சில முத்திரைகள் அரியவை ஆவது அவற்றின் வடிவத்தால் அல்ல, ஊருக்கு நேர்ந்ததால். தனுஷ்கோடிக்கு 1914 முதல் போட் மெயில் என்ற ரயில் வந்துபோனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போகலாம். ஆளும் தபாலும் இலங்கைக்குப் போகும் வாசல் அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயல் ஒரு ரயிலோடு ஊரையும் விழுங்கியது. அதற்கு முன் அந்த ஊர்ப்பெயரோடு விழுந்த ஒவ்வொரு முத்திரையும், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், இல்லாமல்போன ஓர் ஊரின் ஆவணம்.

இவ்வளவும் சொன்னது ஒரு வேண்டுகோளுக்காக. செட்டிநாட்டிலும் தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும் பல வீட்டுப் பரண்களில் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த கடிதக் கட்டுகள் இன்னும் இருக்கின்றன. அவை கையில் கிடைத்தால் தபால்தலையைக் கிழித்தெடுக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், பிள்ளைகளின் ஆல்பத்துக்காக மூலையை வெட்டாதீர்கள். தலையும் எண்ணும் ஒருபக்கம், ஊரும் தேதியும் மறுபக்கம் என்று உறை இரண்டாகும்போது இரண்டுமே பாதி ஊமையாகின்றன. உறையை அப்படியே வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர், பெற்றவர் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தனித்தாளில் குறித்து அதோடு சேர்த்து வையுங்கள்.